நிற்கத் தெரிந்த ஓட்டக்காரர்கள்

என் தங்கையின் மகளுக்கு வயது பதினான்கு. சென்ற மாதம் ஒரு நாள் சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது முகம் பூசணிக்காய் மாதிரி உப்பியிருந்தது. புத்தகப் பையை ஊஞ்சலில் எறிந்தாள். காப்பி வேண்டாம் என்றாள். காப்பி வேண்டாம் என்று அவள் சொன்னால் விஷயம் பெரிது என்று எங்கள் வீட்டில் அர்த்தம்.

மெதுவாக விசாரித்ததில் சங்கதி வெளிவந்தது. பள்ளிக்கூடத்துக் கூடைப் பந்துக் கோஷ்டிக்கு ஆள் எடுத்தார்களாம். ஆசிரியர் எல்லாப் பெண்களையும் வரிசையாக நிறுத்தி நூறு மீட்டர் தூரம் ஓடச் சொன்னாராம். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, முதலில் வந்த பன்னிரண்டு பேரைப் பொறுக்கிக்கொண்டு, மற்றவர்களை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டாராம். இவள் வந்தது பதினாறாவதாக.

எங்கள் தெருவில் அவள் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது அதைப் பறிக்கக்கூடிய பையன் இதுவரையில் பிறக்கவில்லை. இடப்புறம் போகிறாள் என்று எண்ணி அவர்கள் பாய்ந்தால் வலப்புறம் இருப்பாள். பாட்டிமார்கள் 'துடியான பெண்' என்று சொல்வார்களே, அந்த ரகம்.

"மாமா, கூடைப் பந்து ஆட்டத்திலே நூறு மீட்டர் எங்கே இருக்கிறது?" என்று அவள் கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். பார்த்ததில், அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அவளுக்கு நான் நினைத்ததைவிட அதிக உரிமை இருக்கிறது என்று ஏற்பட்டது.

*

முதலில் இடத்தைக் கவனியுங்கள். சர்வதேச விதிகளின்படி கூடைப் பந்துக் களத்தின் நீளம் 28 மீட்டர். அகலம் 15 மீட்டர். அமெரிக்கத் தொழில் ஆட்டக்காரர்களின் களம் 94 அடி நீளம். அதாவது ஒரு முழத்துக்குச் சற்று மேலாக அதிகம், அவ்வளவுதான். இந்தச் சிறு இடத்துக்குள் பத்துப் பேர் அலைகிறார்கள்.

இப்போது உலகத்திலேயே வேகமாக ஓடிய மனிதரைப் பார்ப்போம். ஜமைக்கா தேசத்து உசைன் போல்ட் 2009-ஆம் வருஷம் பெர்லின் நகரில் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். அந்த ஓட்டத்தை இருபது இருபது மீட்டராகக் கூறு போட்டு அளந்திருக்கிறார்கள். முதல் இருபது மீட்டருக்கு அவருக்கு 2.89 விநாடி ஆயிற்று. அறுபதாவது மீட்டருக்கும் எண்பதாவது மீட்டருக்கும் நடுவிலுள்ள இருபது மீட்டரை 1.61 விநாடியில் கடந்தார். அவருடைய உச்ச வேகம் அங்கேதான் இருந்தது.

வேடிக்கையைப் பாருங்கள்! இரண்டு கூடைப் பந்துக் களங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாலும் 56 மீட்டர்தான். போல்ட் தம்முடைய உச்ச வேகத்தை எட்டுவதற்கு முன்னால் இரண்டு களங்களும் தீர்ந்து, அவர் மூன்றாவது களத்துக்குள் நுழைந்திருப்பார். ஒரே களத்தில் விட்டால், பாவம், வேகம் பிடிக்க ஆரம்பிக்கும்போதே சுவர் வந்துவிடும்.

இந்த ஆட்டம் சுவர்களுக்கு நடுவில் பிறந்த குழந்தைதான். 1891-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், அமெரிக்காவில் ஸ்ப்ரிங்பீல்டு என்னும் ஊரில், ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தாரின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இதைக் கண்டுபிடித்தார். வெளியே கடுங்குளிர்; உள்ளே மாணாக்கர்கள் சலிப்படைந்து தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பீச் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அடித்து மாட்டினார். பதின்மூன்று விதிகள் எழுதினார். அவற்றில் ஒன்று என்ன தெரியுமோ? பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது. பந்தோடு ஓடினால் பிறர் அவனைப் பிடித்து உருட்டுவார்கள், மண்டை உடையும் என்று அவர் யோசித்தார். ஆகவே, ஓட்டத்தை அடக்குவதற்காகவே ஏற்பட்ட ஆட்டம் இது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகரும் வித்தை பிற்பாடு வந்தது. அதே சங்கத்தாரின் உடற்பயிற்சிக் கல்லூரி 1920-இலேயே சென்னையில் ஏற்பட்டுவிட்டபடியால், நம்முடைய உபாத்தியாயர்களுக்கும் இந்த ஆட்டம் புதிதல்ல. பின்னே நூறு மீட்டர் எங்கிருந்து வந்ததோ!

*

ஆட்டக்காரர்கள் களத்தில் உண்மையில் என்ன செய்கிறார்கள்? ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சியாளர் சிலர் அந்நாட்டின் தேர்ந்த ஆட்டக்காரர்களைப் படம் பிடித்து, ஒவ்வோர் அசைவையும் எண்ணி, 1995-இல் வெளியிட்டார்கள். எண்ணியவர்களின் பொறுமையை மெச்ச வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஒருவர் ஏறக்குறைய ஆயிரம் தடவை தம் அசைவை மாற்றுகிறார்: நடை, ஓட்டம், பக்கவாட்டில் சறுக்கல், குதிப்பு, நிற்றல், மறுபடி ஓட்டம். இரண்டு விநாடிக்கு ஒரு மாறுதல். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஓட்டங்கள் ஆட்டத்துக்குச் சுமார் நூறு. ஆனால் அப்படி ஓடும் ஓர் ஓட்டம் சராசரி 1.7 விநாடி நேரந்தான் நீடிக்கிறது.

1.7 விநாடி! போல்ட்டுக்குக்கூட முதல் பத்து மீட்டரைக் கடக்க 1.89 விநாடி ஆயிற்று. ஆகவே கூடைப் பந்துக்காரனுடைய வாழ்க்கை பூராவும் பந்தயத்தின் முதல் பத்து மீட்டரிலேயே கழிகிறது என்று சொல்லலாம். பந்தயத்தின் ருசியான பாகம் அவனுக்குக் கிடைப்பதே இல்லை. கிளம்பும் சிரமத்தை மட்டும் நூறு தடவை அநுபவிக்கிறான். அத்துடன், ஓட்டப் பந்தயக்காரன் அறியாத இன்னொரு சிரமம் இவனுக்கு உண்டு. கிளம்பிய நூறு தடவையும் நின்றாக வேண்டும்.

"வேகமாக ஓடுகிறவன் வேகமாகக் கிளம்பவும் திரும்பவும் மாட்டானா?" என்று நேயர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர்கள் 106 பேரை மூன்று விதமாகச் சோதித்து 2005-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. நின்ற இடத்திலிருந்து பத்து மீட்டர், முழு வேகத்தில் இருபது மீட்டர், வளைந்து வளைந்து ஓடுதல் ஆகிய மூன்றும். கிளம்புவதில் மனிதருக்கு மனிதர் உள்ள வித்தியாசத்தில் 39 சதவிகிதத்தைத்தான் உச்ச வேகத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. உச்ச வேகத்துக்கும் வளைந்து ஓடுவதற்கும் உள்ள உறவு 21 சதவிகிதம். கிளம்புவதற்கும் வளைவதற்கும் வெறும் 12. ஒரே வீட்டில் பிறந்தவை என்று நாம் நினைத்த மூன்று குணங்களும் தூரத்து உறவினர்களே என்று ஏற்பட்டது.

காரணம் தேகத்திலேயே இருக்கிறது. உச்ச வேகத்தில் ஓடுகிறவனுடைய பாதம் தரையில் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூடப் பதிவதில்லை. உடல் நிமிர்ந்திருக்கும், கால் பந்துபோல் தரையைத் தொட்டு எழும்பும். கிளம்புகிறவனுக்கோ பாதம் அதைப் போல் இரண்டு பங்கு நேரம் தரையில் பதிந்து, பின்னோக்கி உதைக்க வேண்டும். உடல் முன்னே சாய்ந்திருக்க வேண்டும். திரும்புகிறவன் இடுப்பைத் தாழ்த்தி, முழங்காலை மடக்கி, போகிற திசைக்கு எதிர்ப்புறத்தில் காலை ஊன்ற வேண்டும். ஒன்றுக்காகப் பழக்கிய உடம்பு மற்றொன்றுக்குத் தானாக வந்து நிற்பதில்லை.

*

காட்டிலும் இதே கதைதான். நிலத்தில் ஓடும் பிராணிகளில் வேகத்துக்குப் பேர் போனது சிவிங்கிப் புலி. நம் நாட்டு ராஜாக்கள் முற்காலத்தில் அதைப் பழக்கி மான் வேட்டைக்குக் கொண்டுபோனார்கள். போட்ஸ்வானா தேசத்தில் ஐந்து சிவிங்கிகளின் கழுத்தில் நுட்பமான கருவிகளைக் கட்டி, அவை ஓடிய 367 ஓட்டங்களை அளந்து, 2013-இல் பிரசுரித்தார்கள். மணிக்கு 93 கிலோமீட்டர் வரையில் ஒரு சிவிங்கி ஓடியது வாஸ்தவம். ஆனால் பெரும்பாலான வேட்டைகளில் அவை அந்த வேகத்துக்கு அருகில்கூடப் போகவில்லை. இரை கிடைத்த ஓட்டத்துக்கும் கிடைக்காத ஓட்டத்துக்கும் உச்ச வேகத்தில் வித்தியாசம் இல்லை. கிளம்பிய வேகத்திலும் வித்தியாசம் இல்லை. இரை கிடைத்தபோது சிவிங்கி அதிகக் கடுமையாக வேகத்தைக் குறைத்திருந்தது! மான் வளையும்போது தானும் வளைய வேண்டுமானால் முதலில் நிதானத்துக்கு வந்தாக வேண்டும் அல்லவா?

நிற்பது என்பது சாமானிய காரியம் அன்று. விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வருகிற ஒருவன் ஒரு மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பலத்தைப் பிரயோகித்து, 8 மீட்டர் வேகத்தில் வருகிறவன் நிற்க வேண்டுமானால் இரண்டு மீட்டர் போதாது. நான்கு மீட்டர் வேண்டும். வேகம் இரட்டித்தால் அடக்க வேண்டிய சக்தி நான்கு பங்காகிறது. அதைத் தொடையின் முன்தசைகள் நீண்டுகொண்டே தாங்க வேண்டும். மாடிப்படி ஏறுவதைவிட இறங்கிய மறுநாள்தான் தொடை அதிகமாக வலிக்கும். அந்தத் தசைகள்தாம் அவை.

அமெரிக்காவில் சாண்டா பார்பரா என்னும் ஊரில் விளையாட்டு வீரர்களின் உடலசைவை ஆராயும் நிலையம் ஒன்று உண்டு. ஜேம்ஸ் ஹார்டன் என்ற பிரசித்தி பெற்ற ஆட்டக்காரரை அங்கே சோதித்தார்கள். குதிப்பதிலும் பாய்ந்து கிளம்புவதிலும் அவர் தம் தொழில்காரர்களிடையே நடுத்தரமாகத்தான் இருந்தார். நிற்பதில் மட்டும் அவருக்கு இணை காண்பது அரிதாக இருந்தது. 2018-இல் அந்நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. ஸ்லோவீனியா தேசத்து லூகா டான்சிச் விஷயமும் இதேதான். 2018-இல் அவர் அமெரிக்கா வந்தபோது, 'பையன் கெட்டிக்காரன். ஆனால் மந்தமாக ஓடுகிறானே!' என்று பல பேர் முகத்தைச் சுளித்தார்கள். 2023-24 பருவத்தில் அங்கே ஆட்டத்துக்குச் சராசரி அதிகப் புள்ளி எடுத்தவர் அவரே. அவர் ஆடுவதைப் பார்த்தால் ஏதோ சாப்பாட்டுக்குப் பிறகு உலாவப் போகிறவர் மாதிரி இருக்கும். தடுக்க வந்தவன் ஓடிக்கொண்டே இருப்பான். இவர் நின்று, பந்தைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

*

துடிப்பு என்பது இன்னதென்று கண்ணால் காண விரும்புகிறவர்கள் 1997-ஆம் வருஷம் மார்ச் 12-ஆம் தேதி பிலடெல்பியாவில் நடந்த ஆட்டத்தின் ஒரு சிறு பகுதியைப் பார்க்க வேண்டும்.

ஆலன் ஐவர்சனுக்கு அப்போது வயது 21; தொழில் ஆட்டத்தில் முதல் வருஷம். உயரம் ஆறடி என்று எழுதியிருப்பார்கள். கூடைப் பந்துக்காரர்களிடையே அது குள்ளம். எதிரே நின்றவர் மைக்கேல் ஜார்டன்; ஆறரை அடி உயரம்; உலகமே கொண்டாடிய ஆட்டக்காரர். பந்து போடுவதில் மட்டும் அல்ல, தடுப்பதிலும் மன்னர். 1988-இல் தடுப்பாட்டத்துக்கென்றே தனிப் பரிசு வாங்கியவர்.

ஐவர்சன் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றார். இடப்புறம் போவதுபோல் சிறிது சாய்ந்து பந்தைச் சட்டென்று மாற்றினார். ஜார்டன் அசைந்தார், உடனே சமாளித்துக்கொண்டார். ஐவர்சன் அவசரப்படவில்லை. எதிரி நிலைக்கு வரட்டும் என்று காத்திருந்தார். இந்த இடத்தை நான் எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பிறகு மறுபடியும் அதே இடப்புறம். இந்தத் தடவை தோள், தலை, பந்து எல்லாம் சேர்ந்து பெரிதாகச் சாய்ந்தன. ஜார்டனின் உடல் பாரம் முழுவதும் அந்தப் பக்கத்துக் காலுக்குப் போயிற்று. அந்த க்ஷணத்தில் பந்து வலக்கைக்கு வந்துவிட்டது. ஓரிரு அடி நகர்ந்து, நின்று, குதித்து, பந்தை எறிந்தார். கூடையில் விழுந்தது.

ஜார்டன் அப்படியும் திரும்பிப் பாய்ந்து கையை நீட்டினார், மயிரிழையில் தவறியது. ஜார்டனைத் தவிர வேறு யாராக இருந்தாலும் அந்தக் கை அங்கே வந்திருக்காது. இதில் ஓட்டம் எங்கே? இருவரும் கடந்த தூரம் ஒரு கூடத்தின் அகலம் இருக்கலாம். ஒற்றைக் காலில் முழு பாரமும் விழுந்துவிட்டவன், அந்தக் காலை மீட்டுக்கொள்ளும் வரையில் உலகத்திலேயே வேகமானவனாக இருந்தாலும் மரம்தான். கண்ணால் கண்டு உடல் அசைவதற்கே விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கிறது. அதற்குள் எதிரி ஒரு மீட்டர் போய்விடுகிறான். சடுகுடுவில் பாடிக்கொண்டு வருகிறவனும் இதே வித்தையைத்தான் செய்கிறான். ஆறரை மீட்டர் ஆழமுள்ள பாதிக் களத்தில் அவன் ஓடி ஜெயிப்பதில்லை.

அன்று ஐவர்சன் 37 புள்ளி எடுத்தார். ஆனாலும் ஆட்டத்தில் ஜார்டனின் கோஷ்டிதான் ஜெயித்தது: 108-க்கு 104. அது கிடக்கட்டும்.

இந்தத் துடிப்பில் பாதி கால்களில் இல்லை, கண்களில் இருக்கிறது. ஆஸ்திரேலியக் காலடிப் பந்தாட்டக்காரர்களை 2006-இல் வெளியான ஒரு சோதனையில், முன்பே சொல்லிவைத்த திசையில் திரும்பச் சொன்னார்கள். உயர்ந்த கோஷ்டிக்காரர்களுக்கும் தாழ்ந்த கோஷ்டிக்காரர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பத்து மீட்டர் ஓட்டத்திலும் தெரியவில்லை. எதிரே ஒரு மனிதரை நிறுத்தி, அவர் அசைவதைப் பார்த்துத் திரும்பச் சொன்னதும் வித்தியாசம் வந்துவிட்டது. தேர்ந்தவன் எதிரியின் இடுப்பையும் தோளையும் பார்த்தே விஷயத்தை ஊகித்து, மற்றவனுக்கு முன்னால் புறப்பட்டுவிடுகிறான். கடிகாரமும் சுண்ணாம்புக் கோடும் இதைக் காட்டுவதில்லை.

*

உச்ச வேகத்தால் பிரயோஜனமே இல்லை என்று சொல்லி என் மருமகளைத் திருப்தி செய்துவிடலாம். ஆனால் அது நியாயம் அல்ல. 2016-ஆம் வருஷம் ஜூன் 19-ஆம் தேதி அமெரிக்க இறுதிப் பந்தயத்தின் ஏழாவது ஆட்டம். இரு தரப்பும் 89 புள்ளி. மீதி நேரம் இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. கோல்டன் ஸ்டேட் கோஷ்டியின் ஆண்ட்ரே இகுவோடாலா தடுப்பார் யாரும் இல்லாமல் பந்தைக் கூடையில் வைக்கப் போகிறார். களத்தின் மறு கோடியிலிருந்து லெப்ரான் ஜேம்ஸ் துரத்திக்கொண்டு வந்து, பின்னாலிருந்து எழும்பி, பந்தைப் பலகையில் அறைந்து நிறுத்திவிட்டார். கிளீவ்லண்ட் கோஷ்டி 93-க்கு 89 என்று ஜெயித்தது. அங்கே வேலை செய்தது நீண்ட ஓட்டத்தின் வேகம்தான். அத்தகைய சந்தர்ப்பம் ஓர் ஆட்டத்தில் சில தடவை வருகிறது. ஆனால் வரும்போது பெரிதாக வருகிறது.

வேகமும் வேண்டும், துடிப்பும் வேண்டும், இரண்டும் ஒருவரிடமே அமைந்தால்? அப்படி அமைந்த ஒருவர் சிக்காகோ நகரத்து டெரிக் ரோஸ். 2011-இல், 22 வயதிலேயே, அந்நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டத்தைப் பெற்றார். அவ்வளவு இளம் வயதில் அதற்கு முன் ஒருவரும் பெற்றதில்லை. 2012-ஆம் வருஷம் ஏப்ரல் 28-ஆம் தேதி, ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லை. அவருடைய கோஷ்டி 12 புள்ளி முன்னால் இருந்தது. கூடையை நோக்கிப் பாய்ந்தவர், இரண்டு காலையும் ஊன்றிச் சட்டென்று நிற்க முயன்றார். இடது முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் நார் அறுந்துபோயிற்று. யாரும் அவரை இடித்துத் தள்ளவில்லை. அதற்குப் பிறகு 2024-இல் ஓய்வு பெறும் வரையில் பல வருஷம் ஆடினார். ஆனால் பழைய ரோஸ் திரும்பி வரவில்லை.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்த நார் அறுவதில் பெரும்பாலானவை மோதலால் நேர்வதில்லை. நிற்கும்போதும் திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும் நேர்கின்றன. கூடைப் பந்து ஆடும் பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். தடுக்க வழி இல்லாமல் இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து நிமிஷம், குதித்து மெதுவாக இறங்குவது, முழங்கால் உட்புறம் சாயாமல் மடக்குவது, ஒற்றைக் காலில் நிலையாக நிற்பது, இடுப்புக்கும் பின்தொடைக்கும் பலம் சேர்ப்பது ஆகிய பயிற்சிகளை விடாமல் செய்து வந்த கோஷ்டிகளில் இந்தக் காயம் சுமார் பாதியாகக் குறைந்திருக்கிறது. செலவு ஒன்றும் இல்லை. நூறு மீட்டர் ஓட்டத்துக்குக் கடிகாரம் வாங்கும் பள்ளிக்கூடங்கள் இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். துடியான குழந்தைகளுக்கே இது மற்றவர்களைவிட அவசியம். ஏனெனில் கடுமையாக நிற்கிறவர்கள் அவர்கள்தாம்.

இவ்வளவையும் என் மருமகளிடம் சொன்னேன். போல்ட் மூன்றாவது களத்துக்குள் நுழைந்த இடத்தில் சிரித்தாள். ஐவர்சனுடைய ஆட்டத்தைக் காட்டச் சொல்லி நாலைந்து தடவை பார்த்தாள். கடைசியில், அடுத்த தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கிறது என்றும், அதற்குள் நூறு மீட்டரிலும் பன்னிரண்டுக்குள் வந்து காட்டுகிறேன் என்றும் சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போனாள். இப்போது தினம் சாயங்காலம் திண்ணையிலிருந்து கீழே குதிக்கிறாள். சத்தம் கேட்காமல் இறங்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். சத்தம் கேட்கிறதா இல்லையா என்று உள்ளே உட்கார்ந்து என் தாயார் கணக்கு வைக்கிறாள். நேற்று இருபதுக்கு மூன்று.